முதியோரும் நோய்ப்படுக்கையும்

முதியோரை அன்போடு பேணும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் அற்றுப்போய்விடவில்லை. ஆயினும் அன்பு ஒன்று, அறிவு வேறொன்று. இவ்விரண்டும் கூடாதவிடத்து அன்பே கேடு சூழும் என்பதற்குச் சான்று வேண்டுவோர், எழுபது எண்பது ஆண்டு கடந்த ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் வீட்டிற்குச் சென்று பார்ப்பாராக. அங்கே இரண்டு சொற்கள் தவறாது கேட்கும். "இந்த வயதில் கத்தி வைப்பதா?" என்பது ஒன்று. "அசைக்காதீர்கள், பேசாமற் கிடக்கட்டும்" என்பது மற்றொன்று. முன்னது சிகிச்சையைத் தடுக்கின்றது. பின்னது சிகிச்சை நடந்த பின்னரும் அதன் பயனைக் கெடுக்கின்றது. முதியோர் திறத்தில் நாம் பெரிதும் அஞ்சத்தக்கது சத்திர வைத்தியரின் கத்தியன்று, படுக்கையே என்பது எம் கருத்து. அதற்குரிய காரணங்களை இயன்ற அளவு எடுத்துரைப்போம்.

இடுப்பெலும்பு முறிவு என்று நாம் பொதுவாகச் சொல்வது, தொடையெலும்பின் மேற்கழுத்தையடுத்து நேரும் முறிவாகும். இளைஞர்க்கு உயரத்தினின்று விழுந்தாலன்றி எளிதில் முறியாத அவ்வெலும்பு, சுண்ணச்சத்துக் குன்றிய முதிய உடம்பில், நின்ற நிலையினின்று சாய்ந்தாலும் முறிந்துபோகும். பெண்டிர்க்கு இது மிகுதி. முற்காலத்தில் இதற்குச் செய்த சிகிச்சை, காலிற் கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, எலும்பு கூடும்வரை வாரக்கணக்காக மல்லாக்கக் கிடத்தி வைத்தலே. அவ்வாறு கிடந்தோருட் பலர் எலும்பு கூடுமுன்னரே மாண்டனர். முறிவினால் மாண்டார் என்று ஊரார் சொல்லினர். கிடந்தமையினால் மாண்டார் என்பதே உண்மைக்கு அணுக்கமாகும்.

என்னை? மல்லாந்து கிடக்கும் முதியவர் நெஞ்சு நிறைய மூச்சு வாங்குவதில்லை. இருமிக் கபத்தை வெளியேற்றும் வலிமையும் அவர்க்கு இல்லை. ஆதலின் நுரையீரலின் அடிப்பாகத்திற் கபம் தேங்கி நியூமோனியா புகுகின்றது. அசையாத காலின் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாகின்றது. அக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரற் குழாயை அடைத்துக்கொள்ளுமாயின், சில நிமிடங்களில் உயிர் போதலும் உண்டு. புட்டத்திலும் குதிகாலிலும் தோல் நசுங்கிப் படுக்கைப்புண் தோன்றும். சிறுநீர் தங்கும், அதனை இறக்கச் செருகிய குழாய் வழியே கிருமி ஏறும். மலம் இறுகும், பசி போகும், நாவறளும். இவையெல்லாம் தனித்தனி நோய்கள் போலத் தோன்றினும் இவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றே.

இன்றைய சத்திர வைத்தியர் செய்வது, முறிந்த எலும்பை ஆணியும் தகடுங்கொண்டு இணைத்தல். அன்றேல் உடைந்த தலைப்பகுதியை நீக்கி உலோகத்தாலாகிய தலையைப் பொருத்துதல். இரண்டிற்கும் நோக்கம் ஒன்றே: நோயாளி மறுநாளே காலூன்றி நிற்றல் வேண்டும். எலும்பைக் கூட்டுதல் அதற்குக் கருவி. ஆளை எழுப்புதலே பயன். இஃதுணர்ந்த இங்கிலாந்து மருத்துவ நெறியாளர், நோயாளி வைத்தியசாலையிற் சேர்ந்த அன்றோ மறுநாளோ சத்திரம் நடத்தல் வேண்டும் எனவும், சத்திரம் நடந்த மறுநாள் அவரை எழுப்புதல் வேண்டும் எனவும் 2011-இல் விதித்தனர். அந்நாட்டில் 2007 முதல் இம்முறிவுற்றோர் அனைவரையும் ஒரு பதிவேட்டில் எழுதி, எந்த வைத்தியசாலை எத்துணை விரைவாகச் செய்கின்றது, முதியோர் மருத்துவம் வல்லார் ஒருவர் நோயாளியைப் பார்த்தாரா என்பனவற்றைக் கணக்கிட்டு வெளியிடலாயினர். 2007-இல் நூற்றுக்கு 10.9 ஆக இருந்த முதல் முப்பது நாள் இறப்பு, 2011-இல் 8.5 ஆகக் குறைந்தது. புதுமருந்து ஒன்றும் இடையில் வந்துவிடவில்லை. உள்ளதைக் காலத்திற் செய்தனர், செய்ததைக் கணக்கெழுதினர்.

விரைவு என்றால் எவ்வளவு விரைவு என்று கேட்பார் இருக்கலாம். இந்தியா உட்பட 17 தேசங்களில் 2,970 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஆறு மணி நேர அளவிற் சத்திரம் செய்யப்பெற்றோரையும், ஒருநாள் அளவு பொறுத்துச் செய்யப்பெற்றோரையும் ஒப்பிட்டது. இறப்பில் தெளிவான வேற்றுமை காணப்படவில்லை. ஆயினும் முன்னவர்க்குச் சித்தக் கலக்கம் குறைந்தது. அவர் விரைவில் எழுந்து நின்றனர். ஆகவே சில மணி நேரத்துக்காக எவரும் கலங்க வேண்டுவதில்லை. நாம் குறை கூறுவது, மகன் அயல்நாட்டினின்று வரட்டும், நல்ல நாள் வரட்டும், நாட்டுக்கட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று நான்கு நாளும் ஐந்து நாளும் கடத்துதலையே. அந்நாட்களில் அம்முதியவர் படும் வேதனையை, புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அவர் எழுப்பும் ஓலத்தைக் கேட்டோர், கத்தியை இரக்கமற்றதென்று சொல்லார்.

இனிப் படுக்கையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனின், ஓய்வு நல்லது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. அமெரிக்க தேசத்து டல்லாஸ் நகரில் 1966-இல், இருபது வயதினரான திடகாத்திரமுள்ள ஐந்து இளைஞரை மூன்று வாரம் படுக்கையிலே கிடத்திச் சோதித்தனர். முப்பது ஆண்டு கழிந்தபின் அவ்வைவரையே மறுபடி தேடிப்பிடித்துச் சோதித்தபோது வெளிப்பட்ட உண்மை வியப்புக்குரியது. முப்பதாண்டு மூப்பு அவர்தம் உழைப்பாற்றலிற் குறைத்ததைக் காட்டிலும், இளமையில் மூன்று வாரக் கிடப்புக் குறைத்ததே மிகுதி! இளைஞர்க்கே இங்ஙனமாயின் முதியோர்க்கு எங்ஙனமாகும்? சராசரி 67 வயதுள்ள, நோயொன்றுமில்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலிருத்திப் பார்த்ததில், அவர்தம் கால்களினின்று மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்தொழிந்தது என 2007-இல் வெளியான ஆராய்ச்சி கூறும். கழிப்பிடத்திலிருந்து கையூன்றாமல் எழுவதற்கு வேண்டுமளவே வலிமை எஞ்சியிருந்த ஒரு பாட்டியார்க்கு, அந்தத் தசைதான் தம் காலில் நிற்பதற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பதற்கும் இடையிலுள்ள வேலி.

எழுபது வயது கடந்து வைத்தியசாலையிற் சேர்ந்தோரை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர், அவருள் நூற்றுக்கு 35 பேர், குளித்தல், உடுத்தல், உண்ணல், எழுந்து நடத்தல், கழிப்பிடஞ் செல்லல் ஆகியவற்றில் நோய்க்கு முன்னிருந்த திறத்தினும் குறைந்த நிலையிலே வீடு திரும்பினர் என 2003-இல் எழுதினர். வந்த நோய் நீங்கியிருக்கலாம்; ஆள் நீங்கியவாறு!

இவ்வுண்மை புதிதன்று. 1935-இல் இலண்டனையடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலை, அயலிலிருந்த ஏழையர் விடுதி மருத்துவ இல்லத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, அங்கே தீராநோயினர் எனத் தள்ளப்பட்டுக் கிடந்த 714 பேர் மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரின் பொறுப்பில் வந்தனர். அவ்வம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனி ஆராய்ந்து, நோய்க்கேற்பப் பிரித்து, எழுந்திருக்கக்கூடியவரை எழுப்பி நடக்கப் பயிற்றினார். ஆண்டுக்கணக்காகப் படுத்தே கிடந்தோருட் பலர் நடந்தனர். வீடு சென்றோரும் உளர். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை அவ்விடத்தே கருக்கொண்டது என்பர். 1947-இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் மற்றொரு இலண்டன் மருத்துவர், படுக்கையால் விளையும் தீமைகளை உறுப்புறுப்பாக எடுத்துக்காட்டிப் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அத்தனை ஆண்டு கழிந்தும், நம் வார்டுகளிற் காலைச் சிற்றுண்டி கட்டிலிலே, மருந்து கட்டிலிலே, மலசலமும் கட்டிலிலே. நாற்காலி என ஒன்று இருந்தால் அதிற் பார்வையாளர் அமர்ந்திருப்பர்.

நிற்க. முதியோரை வைத்தியசாலையில் வருத்தும் கேடுகளுள் மக்கள் சற்றும் அறியாதது ஒன்று உண்டு. சுரவேகத்திற் பிதற்றுதலைச் சன்னி கண்டது என நம் முன்னோர் வழங்கினர். மேனாட்டார் டெலிரியம் என்பது இதனையே. ஆனால் முதியோர்க்குச் சுரமில்லாமலும் சன்னி காணும் என்பதனைப் பலரும் அறியார். சத்திரம் நடந்த இரண்டாம் இரவிலோ மூன்றாம் இரவிலோ, அதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனப் பிதற்றுவார், இல்லாதோரைக் காண்பார், ஊசிக்குழாயைப் பிடுங்கியெறிவார், பெற்ற மகளை யாரென்பார். காலையிற் சற்றே தெளிவார். அந்தி சாய மீண்டும் கலங்குவார்.

எமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்க்கு இடுப்புச் சத்திரம் நன்கு நடந்தது. மறுநாள் நள்ளிரவில் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தம் பழைய வகுப்பின் வருகைப் பட்டியலை உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினார். விடை வராத பெயர்க்கெல்லாம் சினந்தார். தாதியர் கையைத் துணியாற் கட்டினர், தூக்க ஊசியும் போடப்பட்டது, கலக்கம் இருமடங்காயிற்று. "அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இதற்குத்தான் சத்திரம் வேண்டாமென்றோம்" என்று வீட்டார் அழுதனர். அவர்தம் பேத்தி தாதியர் பயிற்சியில் இருப்பவள். அவள் வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, பாட்டனார் காலை முதற் சிறுநீர் கழித்தாரா என்று கேட்டாள். எவர்க்கும் தெரியவில்லை. நீர் இறக்கப்பட்டது. கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் எங்கே என்றாள். காணாமற் போய்விடுமென்று வீட்டு அலமாரியிற் பூட்டிவைத்திருந்தனர்! அவை வந்தன, கட்டு அவிழ்க்கப்பட்டது, வலிக்கு முறையாக மருந்து கொடுக்கப்பட்டது, பேத்தி அருகிருந்து அன்றைய நாளையும் இடத்தையும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் அவர் செய்தித்தாள் கேட்டார்.

இக்கதையிற் புதுமை யாதுமில்லை. எல்லா ஊரிலும் நடப்பதே. சன்னி பைத்தியமன்று; மூப்பின் மறதியுமன்று. உடம்பின் ஒரு மூலையில் ஏதோ குறையிருக்கின்றதென்று மூளை அடிக்கும் மணி. அடங்காத வலி, தங்கிய சிறுநீர், இறுகிய மலம், குறைந்த நீர், புதிதாகப் புகுந்த கிருமி, இரத்தத்தில் உப்பின் குறைவு, தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் சில மாத்திரைகள் என, காரணம் தேடினாற் பெரும்பாலும் கிடைக்கும். தேடவேண்டும் என்னும் எண்ணமே நம்மிடமில்லை. முதியோர் உடம்பு நோயை வேறு பாஷையிற் பேசுகின்றது என்பதை நினைவிற் கொள்ளல் நலம். நியூமோனியா வந்தும் சுரமிராது; மாரடைப்பு வந்தும் மார்வலி இராது; வயிற்றினுட் குடல்வால் பழுத்து உடைந்தும் வயிறு மெல்லென்றேயிருக்கும். நேற்றுவரை தெளிந்திருந்தவர் இன்று குழம்பினார் என்னும் அவ்வொரு குறியே அவ்வேளையில் நோயின் தூதாக வருவது.

பிதற்றுவோரையேனும் நாம் கவனிக்கின்றோம். சன்னியில் ஓசையற்ற வகையொன்று உண்டு. அவ்வகையினர் கூச்சலிடார், குழாயைப் பிடுங்கார். கண் பாதி மூடியவாறு சுவரை நோக்கிக் கிடப்பர். கேட்டதற்கு ஒரு சொல்லில் விடை சொல்லி மறுபடி மயங்குவர். "பெரியவர் தொந்தரவில்லாமல் நன்றாகத் தூங்குகிறார்" என்று தாதியரும் சுற்றத்தாரும் மகிழ்வர். அந்த மகிழ்ச்சி போலக் கொடியது வேறில்லை.

இதனைத் தடுக்க வழியுண்டா? உண்டு, அதுவும் விலையில்லாத வழி. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் இனூயே என்னும் மருத்துவ அம்மையாரும் அவர்தம் துணைவரும், எழுபதும் அதற்கு மேலும் வயதுள்ள 852 பேரிடம் செய்த முயற்சியை 1999-இல் வெளியிட்டனர். அவர்கள் செய்தது யாது? நாளும் இடமும் நினைவூட்டிப் பேசினர்; நாள்தோறும் எழுப்பி நடத்தினர்; கண்ணாடியும் காதுக் கருவியும் அணிவித்தனர்; நீர் பருகுவித்தனர்; இரவில் மாத்திரைக்கு மாறாகச் சூடான பால் கொடுத்து, முதுகு தேய்த்து, ஓசையடக்கி உறங்குவித்தனர். வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 15 பேர்க்குக் கண்ட சன்னி, இவ்வாறு கவனிக்கப்பட்டோருள் 9.9 பேர்க்கே கண்டது. மற்றோர் ஆராய்ச்சியில், இடுப்பு முறிந்த முதியோரை முதியோர் மருத்துவர் ஒருவர் நாள்தோறும் பார்த்து யோசனை கூற, சன்னி நூற்றுக்கு 50-இலிருந்து 32 ஆயிற்று. இது 2001-இல் வெளிவந்தது. சூடான பாலும் முதுகு தேய்த்தலும் நம் பாட்டிமார் அறியாத வைத்தியமா? அதனை நூலாக எழுதி நமக்கு அனுப்ப அமெரிக்கா வேண்டியிருந்தது.

யேலில் இவ்வேலைகளிற் பலவற்றைச் செய்தோர் பயிற்றப்பெற்ற தொண்டர்கள். அங்கே அன்னோரை ஊர் முழுதும் தேடிச் சேர்க்கவேண்டியிருந்தது. நமக்கோ பேரரும் பேத்தியரும் உளர். இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவருட் பலர் விடுமுறையிற் பாட்டனார்க்குத் துணையாக வைத்தியசாலைத் தாழ்வாரத்திற் பாய் விரித்துக் கிடந்திருப்பர். ஆனால் அங்கே அவர்க்கு இடப்படும் வேலை யாது? மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுதல், பணங் கட்டி இரசீது வாங்குதல். எஞ்சிய பொழுதிற் கைப்பேசியை நோக்கியிருத்தல். உடனிருப்போரைக் கூட்டமெனவும் குப்பையெனவும் கருதி வாயிற்காவலரைக் கொண்டு விரட்டும் வைத்தியசாலைகள் பல. ஒருவரையேனும் உள்ளே அமர்த்தி, நோயாளியை நாற்காலியில் எவ்வாறு உட்கார வைப்பது, விக்கலின்றி எவ்வாறு ஊட்டுவது, எந்தக் குறி கண்டாற் தாதியை அழைப்பது என்று கால் மணி நேரம் கற்பிக்கும் வைத்தியசாலைகள் சில. தாதியர் தொகை போதாத நாட்டில், வலியவந்த கைகளை வாயிலில் நிறுத்திவைத்தல் எவ்வாற்றானும் அறிவுடைமையாகாது.

எம் கருத்துக்கு மறுப்பாகக் கூறத்தக்கன சில உள. எழுப்பினால் விழுந்துவிடுவாரே என்பர். விழலாம்; அதனாலன்றோ பழகிய ஒருவர் இடுப்பிற் கைகொடுத்து எழுப்புதல் வேண்டும் என்கின்றோம்! விழாதிருக்கும்பொருட்டுக் கட்டிலிற் கட்டிவைத்தல், மூழ்காதிருக்கும்பொருட்டுக் கிணற்றைத் தூர்த்துத் தாகத்தால் மடிதலை யொக்கும். இதனினும் வலிய மறுப்பு ஒன்று: எல்லா முதியோர்க்கும் சத்திரம் தகுமா? தகாது. முன்னரே நெடுநாள் நோயால் நடையிழந்து, அறிவு மங்கி, வாழ்நாளின் எல்லையில் நிற்போரும் உளர். நெதர்லாந்து தேசத்தில் அத்தகையோரையும் அவர் குடும்பத்தாரையும் உடன்வைத்து ஆராய்ந்து முடிவுசெய்ததில், சத்திரம் வேண்டாமென்று வலி மட்டும் தணிக்கப்பெற்றோர் பெரும்பாலும் சின்னாளில் இறந்தனர். எனினும் அவர் கழித்த நாட்கள் சத்திரம் செய்துகொண்டோர் நாட்களினும் தாழ்ந்தனவாக இல்லை என 2022-இல் அறிவித்தனர். இதனை நாம் மதிக்கின்றோம். ஆனால் அங்கே நடந்தது ஆலோசனை. நம் வீடுகளில் நடப்பது ஆலோசனையன்று. "வயது எண்பதாயிற்று" என்னும் ஒரு சொல்லில் வழக்கு முடிந்துவிடுகின்றது. அந்த எண்பது வயதுக்காரர் முந்தின நாள்வரை சந்தைக்குத் தாமே நடந்து சென்று காய்கறி வாங்கியவரா, அன்றி ஈராண்டாகப் பாயிற் கிடந்தவரா என்று எவரும் கேட்பதில்லை. அவரையும் கேட்பதில்லை. வயதை எண்ணுவதினும் நடையை நோக்குதல் நல்லது.

பணத்தின் தடையைப் பற்றி எழுதப்புகின் அது வேறொரு கட்டுரையாகும்.

நம் மாகாணத்துக்கு ஒரு பெருமையுண்டு. சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் 1978-இலேயே முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு டாக்டர் வி. எஸ். நடராஜன் முயற்சியால் தொடங்கிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் முதியோர் மருத்துவத்துக்கு மேற்பட்டப் படிப்பும் ஏற்பட்டது. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஆனால் இடுப்பு முறிந்த பாட்டியார் கிண்டிக்கு வருவதில்லை. தம் வட்டத்துத் தலைநகரிலுள்ள எலும்பு வைத்தியரிடமே செல்கின்றார். அவர் ஆணியடிப்பதில் வல்லவர். ஆணியடித்தபின் சன்னியும் படுக்கைப்புண்ணும் அவர் கலையைச் சார்ந்தனவல்ல. அவற்றை நோக்கும் மருத்துவர் அவ்வூரிற் கிடைப்பது அரிது. கிடைக்குங்காறும் அவ்விடத்தை நிரப்பவேண்டியவர் உடனிருப்போரே.

ஆதலின் மாணவ நண்பர்க்கு ஒன்று சொல்வோம். நும் பாட்டனாரோ பாட்டியாரோ நாளை அந்நிலையுற்றால், அவர்தம் கண்ணாடி, பற்செட்டு, காதுக் கருவி மூன்றையும், அவர் அதுகாறும் உண்டுவந்த மாத்திரைகள் அனைத்தின் பெயர் எழுதிய தாளையும் முதல் நாளே கொண்டு செல்க. சத்திரம் முடிந்த மாலையில் மருத்துவர் சுற்றிவருவார். எக்ஸ்ரே படத்தைக் காட்டி, எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டதென்பார். அவர்க்கு நன்றி கூறி, "நாளை எத்தனை மணிக்கு இவரை நாற்காலியில் உட்கார வைப்பீர்கள்?" என்று கேட்க. "இரண்டு நாள் போகட்டும்" என்பாராயின், காரணம் யாதென வணக்கத்தோடு மறுபடியும் கேட்க.